மானிட்டோவாக் வீடொன்றில் பழைய கிறிஸ்துமஸ் அலங்காரம்: ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மிச்சிகன் ஏரியின் மேற்குக் கரையில் இருக்கிறது மானிட்டோவாக் நகரம். அங்கே 1950களின் நடுவில் கட்டப்பட்ட ஒரு தனி வீட்டை, அந்த வீட்டுப் பெட்டிகளிலேயே இருந்த பழைய பொருள்களைக் கொண்டு கிறிஸ்துமஸுக்கு அலங்கரித்த விதத்தை இந்த ஆய்வு பதிவு செய்கிறது. வீட்டின் உரிமையாளர் எண்பது வயதைக் கடந்த ஓர் அம்மையார். எதை வைப்பது, எதை ஒதுக்குவது என்ற முடிவுகளை அவரும், அந்த வீட்டில் வளர்ந்து இப்போது வெளியூரில் குடும்பத்தோடு வாழும் அவருடைய மகளும் எடுத்தார்கள். அதே தெருவில் குடியிருப்பவன் என்ற முறையில் பெட்டிகளைப் பிரிக்கவும், பொருள்களின் காலத்தை இனங்காணவும், மின்விளக்குகளைச் சோதிக்கவும் நான் உடனிருந்தேன்.

பழைய அலங்காரப் பொருள்கள் கைவசம் இருக்கும் வீடுகளில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கிறது. உடைந்துவிடும் என்று பயந்து அவற்றைப் பெட்டியிலேயே வைத்துவிடுகிறார்கள். இல்லையென்றால், இருப்பதையெல்லாம் ஒரே மரத்தில் அள்ளிக் கட்டி, எதுவும் கண்ணில் நிற்காதபடி செய்துவிடுகிறார்கள். இந்த வீட்டிலும் முதலில் இரண்டாவதுதான் நடந்தது. அதைச் சரிசெய்யும் வழியில் எங்களுக்குத் தெளிவானது ஒன்றுதான்: பழைய அலங்காரத்தில் முதலில் முடிவு செய்ய வேண்டியது பொருளை அல்ல, வெளிச்சத்தை. ஒவ்வொரு பொருளும் அதன் காலத்து விளக்குக்காக உருவாக்கப்பட்டது. அந்த விளக்கு மாறினால் பொருளும் வேறாகிவிடுகிறது.

வீடும் பெட்டிகளும்

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய அமெரிக்காவில் ஆயிரக்கணக்கில் எழுந்த ஒரே தளம் கொண்ட வீடுகளில் இதுவும் ஒன்று. எட்டு அடி உயரக் கூரை, தெருவைப் பார்த்த பெரிய ஒற்றைக் கண்ணாடிச் சன்னல், அதை ஒட்டிய வரவேற்பறை, நடுவில் சுவர் இல்லாமல் அப்படியே தொடரும் சாப்பாட்டு அறை. அந்தச் சன்னலுக்கு உள்ளே நிற்கும் மரம் வீட்டாருக்கு எவ்வளவு உரியதோ, அவ்வளவு தெருவில் போவோருக்கும் உரியது. அலங்காரத்தைத் திட்டமிட்டபோது இந்த இரட்டைப் பார்வையை நாங்கள் தொடர்ந்து மனத்தில் கொள்ள வேண்டியிருந்தது.

பெட்டிகள் நிலவறையின் உலர்ந்த மூலையில், தரையில் படாமல் மரப்பலகை அடுக்கில் இருந்தன. இது பெரிய நற்பேறு. கூரைக்கடியில் பரணில் வைத்திருந்தால், விஸ்கான்சின் கோடையின் வெப்பமும் குளிர்காலத்தின் உறைபனியும் மாறி மாறித் தாக்கி, கண்ணாடியின் உள்ளே பூசிய ரசத்தையும் வெளியே பூசிய வண்ணத்தையும் உரித்திருக்கும். கொலுப் பெட்டியைப் பிரிக்கும்போது எந்தப் பொம்மை எந்தத் துணிக்குள் இருக்கிறது என்று வீட்டுப் பெரியவருக்கு மட்டுமே தெரிவது போல, எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்பதை அம்மையார் திறக்காமலே சொன்னார்.

முதலில் வெளிவந்தவை ஷைனி பிரைட் என்ற அமெரிக்க வணிகப்பெயர் கொண்ட, மரத்தில் தொங்கவிடும் கண்ணாடிக் குண்டுகள். பன்னிரண்டு அறைகளாகத் தடுத்த அட்டைப்பெட்டி, மேலே ஒளிபுகும் செல்லோபேன் சன்னல், ஒரு பக்கத்தில் கிறிஸ்துமஸ் தாத்தாவும் அமெரிக்காவின் சின்னமான அங்கிள் சாமும் கைகுலுக்கும் படம். இந்தப் படம் போருக்குப் பிந்தைய பெட்டிகளில் வருவது. ஆனால் பெட்டியின் காலமும் உள்ளே இருக்கும் குண்டின் காலமும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. ஆண்டுதோறும் எடுத்து வைத்துக் கலந்துபோன குண்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தால்தான் வரலாறு தெரியும். பார்க்க வேண்டிய இடம் அதன் தலையில் இருக்கும் தகரப் பூண்.

பூணைத் திருப்பிப் பார்த்தபோது பலவற்றில் அமெரிக்கத் தயாரிப்பு என்ற முத்திரை இருந்தது. சிலவற்றில் மேற்கு ஜெர்மனி என்றிருந்தது. ஆகவே அவை அந்தப் பெயரில் நாடு இருந்த 1949க்கும் 1990க்கும் இடைப்பட்டவை. ஒரு சிறு கூட்டத்துக்கு மட்டும் தகரப் பூணே இல்லை. அதன் இடத்தில் மடித்த அட்டை இருந்தது. கம்பிக் கொக்கிக்குப் பதில் நூல் கட்டியிருந்தது. அந்தக் குண்டுகளின் உள்ளே ரசமும் இல்லை. ஒளி ஊடுருவும் வெறுங்கண்ணாடியின் மேல் இளஞ்சிவப்பும் வெளிர்நீலமும் பச்சையும் மெல்லிய வளையங்களாக ஓடின. இரண்டாம் உலகப் போரின்போது உலோகம் படைத்தேவைக்குப் போனதால், உள்ளே பூச வெள்ளியும் தலைக்குத் தகரமும் கிடைக்காமல் போன காலத்தின் தயாரிப்பு அது. வீட்டிலிருந்த கண்ணாடிப் பொருள்களில் மிக எளிமையானவையும் மிக அரியவையும் இவைதான் என்பது என் கருத்து. மகள் இவற்றைச் சாயம் போன பழசு என்று எண்ணித் தனியே ஒதுக்கி வைத்திருந்தார்.

இந்தக் குண்டுகள் உருவான கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வெளிச்சம் பற்றிய எங்கள் முடிவுக்கு அதுவே அடிப்படை. கிறிஸ்துமஸ் மரத்துக்கான கண்ணாடித் தொங்கல்களின் தாயகம் ஜெர்மனியின் துரிங்கியா பகுதியில் உள்ள லௌஷா. 1597 முதல் கண்ணாடித் தொழில் நடந்துவரும் மலையூர் அது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அவ்வூர்க் குடும்பங்கள் தம் வீட்டுப் பட்டறைகளில் ஊதிய குண்டுகளை மரத்துக்குச் செய்யத் தொடங்கின. 1867இல் ஊருக்கு எரிவாயு ஆலை வந்தபின், சுடரின் வெப்பம் கூடிக் கைக்கு அடங்கியதால், தாளைப் போல மெல்லிய சுவர் கொண்ட குண்டுகளை ஊத முடிந்தது. குண்டின் வாய்வழியே வெள்ளி நைட்ரேட் கரைசலை ஊற்றிக் குலுக்கி உட்புறத்தை நிலைக்கண்ணாடியாக்கினார்கள். பிறகு வெளியே வண்ண அரக்குப் பூச்சில் தோய்த்தார்கள். இப்படி வண்ணம் வெளியிலும் கண்ணாடி நடுவிலும் ரசம் உள்ளிலுமாக மூன்று அடுக்கு அமைகிறது. மெழுகுவர்த்திச் சுடர் வண்ணத்தைக் கடந்து ரசத்தில் பட்டுத் திரும்பவும் வண்ணத்தைக் கடந்து வெளிவருகிறது. பழைய குண்டின் ஆழ்ந்த நிறத்துக்கு இதுவே காரணம்.

அமெரிக்காவில் இதைப் பரவலாக்கியவர் மலிவு விலைக் கடைகளை நடத்திய எஃப். டபிள்யூ. வுல்வொர்த். 1880இல் தயங்கித் தயங்கிச் சிறு சரக்கு ஒன்றை வாங்கிய அவர், சில ஆண்டுகளிலேயே பெருந்தொகையில் இறக்குமதி செய்பவரானார். 1930களின் இறுதியில் ஐரோப்பாவில் போர் மூளும் என்று உணர்ந்த மேக்ஸ் எக்கார்ட் என்ற ஜெர்மானிய வம்சாவளி வணிகர், வுல்வொர்த் நிறுவனத்தின் துணையோடு, கார்னிங் கண்ணாடி நிறுவனத்தை இந்தத் தொழிலுக்கு இழுத்தார். மின்விளக்குக் குமிழ்களைச் செய்ய 1926இல் உருவாக்கிய நாடா இயந்திரம் கார்னிங்கிடம் இருந்தது. உருகிய கண்ணாடி நாடாபோல ஓடிக்கொண்டிருக்க, அதன்மேல் வரிசையாகக் காற்று ஊதி அச்சுக்குள் குமிழாக்கும் இயந்திரம் அது. விளக்குக் குமிழை ஊதும் இயந்திரத்துக்கு அலங்காரக் குண்டை ஊதுவது எளிது. 1939 டிசம்பரில் முதல் சரக்கு பென்சில்வேனியாவின் வெல்ஸ்பரோ ஆலையிலிருந்து கடைகளுக்குப் போனது. 1940இல் நாளொன்றுக்குச் சுமார் 3,00,000 குண்டுகள் வந்தன. கையால் ஊதும் தேர்ந்த தொழிலாளி ஒருவர் நாளெல்லாம் உழைத்தால் சுமார் 600 செய்வார். வெறுங்குண்டுகளை எக்கார்டின் நியூஜெர்சி பட்டறைகள் வாங்கி ரசம் பூசி, வண்ணம் தீட்டி, ஷைனி பிரைட் என்ற பெயரில் விற்றன.

ஆகவே இந்த வீட்டுப் பெட்டியில் இருந்த குண்டும், அதே காலத்தில் மரத்தில் எரிந்த மின்விளக்கும் ஒரே தொழில்நுட்பத்தின் பிள்ளைகள். ஒன்றை மற்றொன்றின் வெளிச்சத்தில் பார்ப்பதுதான் முறை.

முதல் அமைப்பும் அதன் குறையும்

மகள் கடையில் வாங்கிக் கொண்டுவந்திருந்த செயற்கை மரத்தில் எல்.இ.டி. சீரியல் விளக்குகள் முன்பே சுற்றப்பட்டிருந்தன. விளக்கின் நிறம் நீலம் தோய்ந்த வெண்மை. பழைய குண்டுகள், ஜெர்மானியத் தொங்கல்கள், ஃபெல்ட் என்னும் அழுத்திய துணியாலான குள்ளர் பொம்மைகள், பிளாஸ்டிக் நட்சத்திரங்கள் எல்லாம் அதில் ஏறின. விளக்கைப் போட்டதும் மூவருக்கும் ஏமாற்றம். சிவப்புக் குண்டுகள் பழுப்பாகத் தெரிந்தன, பொன்னிறம் சாம்பல் ஓடியது, எது பழையது எது புதியது என்ற வேறுபாடே தெரியவில்லை.

காரணம் கண்ணெதிரே இருந்தது. ரசம் பூசிய குண்டு ஒரு குவியாடி. எதிரே இருக்கும் ஒவ்வொரு விளக்கும் அதில் ஒரு புள்ளியாக விழும். கடுகளவு விளக்குகள் நூற்றுக்கணக்கில் சூழ்ந்திருந்தால் குண்டின் மேல் ஊசி குத்தியதைப் போன்ற வெண்புள்ளிகளே நிறைகின்றன. வண்ணம் பேச இடமில்லை. மேலும், இத்தகைய குளிர்ந்த வெண்மையில் சிவப்புக் கூறு குறைவு. இல்லாத சிவப்பைக் குண்டு திருப்பியனுப்ப முடியாது. மரத்தின் அமைப்பும் இடைஞ்சலாக இருந்தது. கிளைகள் இடைவெளியின்றி அடர்ந்திருந்ததால் குண்டுகள் தொங்கவில்லை, இலைகளின் மேல் படுத்திருந்தன. கண்ணாடித் தொங்கல் காற்றில் சற்றே திரும்ப வேண்டும்; திரும்பினால்தான் ஒளி அதில் நகரும்.

எல்லாவற்றையும் இறக்கினோம். ஒரு மரம் போதாது என்றும், இரு வகை வெளிச்சத்துக்கு இரு மரங்கள் வேண்டும் என்றும் முடிவானது. கண்ணாடிக்கு உரிய பச்சை மரம் சாப்பாட்டு அறையில். சன்னலுக்கு உரிய அலுமினிய மரம் வரவேற்பறையில்.

அலுமினிய மரம்

மானிட்டோவாக்கில் அலுமினிய மரத்தைத் தவிர்த்து அக்காலப் பாணி அலங்காரத்தைப் பேச இயலாது. 1958 டிசம்பரில் சிகாகோ கடையொன்றில் உலோகத்தாலான கிறிஸ்துமஸ் மரத்தைக் கண்ட, இந்நகரின் அலுமினம் ஸ்பெஷால்டி நிறுவன விற்பனை மேலாளர் டாம் கேனன், அதைத் தம் ஆலைக்குக் கொண்டுவந்தார். சமையல் பாத்திரங்களும் பொம்மைகளும் செய்துகொண்டிருந்த அந்த ஆலை, 1959இல் எவர்கிளீம் என்ற பெயரில் மரத்தைச் சந்தைக்கு அனுப்பியது. அடுத்த பத்தாண்டுகளில் அங்கிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள் போயின. விண்வெளிப் பயணத்தைப் பற்றி நாடே பேசிய காலத்தில் வெள்ளி நிற மரம் எதிர்காலத்தின் அடையாளமாகத் தோன்றியது. 1965 டிசம்பரில் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ‘எ சார்லி பிரவுன் கிறிஸ்துமஸ்’ கேலிச்சித்திரப் படம், அலுமினிய மரத்தைப் பண்டிகையின் வணிகமயத்துக்கு அடையாளமாகக் காட்டியது. அதன்பின் மோகம் தணிந்து, பத்தாண்டின் முடிவோடு தயாரிப்பும் நின்றது. பல வீடுகளில் மரங்கள் குப்பைக்குப் போயின. இந்த வீட்டில் போகவில்லை.

ஆறடி மரம் ஒரு நீண்ட அட்டைப்பெட்டிக்குள் இருந்தது. வெள்ளி வண்ணம் பூசிய மரத்தண்டு, அதில் சாய்வாகத் துளைத்த துளைகள், மூன்று கால் தாங்கி, தொண்ணூறுக்கும் மேற்பட்ட கிளைகள். ஒவ்வொரு கிளையும் தனித்தனிக் காகித உறைக்குள் இருந்தது. கிளை என்பது உறுதியான கம்பியைச் சுற்றிய அலுமினியச் சருகு. நுனியில் சருகு குஞ்சமாக விரிந்து நிற்கும். உறையிலிருந்து கிளையை உருவுவதில் ஒரு முறை இருக்கிறது. சருகு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அதற்கு இசைவாகக் காகிதத்தை நழுவவிட வேண்டும்; எதிர்ப்பக்கம் இழுத்தால் சருகுகள் மடங்கிக் கசங்கும், கசங்கிய அலுமினியத்தை மீண்டும் நிமிர்த்த முடியாது. அம்மையார் நாற்காலியில் அமர்ந்து இந்த வேலையை வேறு யாரிடமும் கொடுக்காமல் தாமே செய்தார். காகித உறைகளையும் அடுக்கி வைத்துக்கொண்டார். மரத்தை மீண்டும் பத்திரப்படுத்த அவைதாம் வழி.

அலுமினிய மரத்தில் மின்விளக்குச் சரத்தைச் சுற்றக் கூடாது. கம்பியின் மேலுறை எங்காவது வெடித்து உலோகத்தில் பட்டால் மரம் முழுவதும் மின்சாரம் பாயும். தொடுபவரின் உயிருக்கே ஆபத்து. இதை அக்காலத்து விற்பனையாளர்களும் எச்சரித்தார்கள். அதற்காகவே வண்ணச் சக்கரம் வந்தது. தரையில் வைக்கும் ஒரு விளக்கு, அதன் முன் மெல்லச் சுழலும் வட்டத் தகடு, அதில் சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என நான்கு நிறக் கண்ணாடித்தாள்கள். வெள்ளி மரம் சில நொடிகளுக்கு ஒருமுறை நிறம் மாறிக்கொண்டே இருக்கும்.

இந்த வீட்டுச் சக்கரத்தின் மோட்டார் ஓடியது. ஆனால் மின்கம்பி விறைத்து, வளைத்த இடத்தில் வெடித்திருந்தது. அதை நகரில் மின்சாதனம் பழுதுபார்ப்பவர் ஒருவர் புதிய கம்பியும் பிளக்கும் போட்டுக் கொடுத்தார். மிகுதியாகச் சூடேறும் பழைய பல்புக்குப் பதிலாக அதே அளவில் வெதுவெதுப்பான நிற எல்.இ.டி. பல்பு பொருத்தினோம். இதனால் நிறத்தகடுகள் வெப்பத்தில் வளையும் அச்சமும் போயிற்று. பழமையைக் காப்பது என்றால் பழைய கம்பியையும் காப்பது என்று பொருளல்ல. கண்ணுக்குத் தெரியும் பகுதி பழையதாகவும், மின்சாரம் பாயும் பகுதி புதியதாகவும் இருப்பதே நேர்மையான பழுதுபார்ப்பு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இந்த மரத்தில் ஒரே நிறக் குண்டுகளை மட்டும் தொங்கவிடுவது அக்கால வழக்கம். வீட்டில் போதிய எண்ணிக்கையில் இருந்தவை நீலக் குண்டுகள். அவற்றை மட்டும் கிளைக்கு ஒன்றாக, நுனியிலிருந்து சற்று உள்ளே தள்ளித் தொங்கவிட்டோம். பல நிறங்களைக் கலந்தால், சக்கரத்தின் நிறமும் குண்டின் நிறமும் மோதிக் குழம்பும். நீலம் மட்டும் இருந்ததால், சிவப்பு ஒளி விழும்போது குண்டுகள் கருத்து ஒதுங்கின. நீல ஒளி வந்ததும் எல்லாம் ஒருசேரப் பளிச்சிட்டன. தெருவிலிருந்து பார்த்தால் சன்னல் முழுவதும் நிறம் மாறியது. அறையின் மேல்விளக்கை அணைத்துவிட வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

கண்ணாடி மரம்

விஸ்கான்சின் கிறிஸ்துமஸ் மரத் தோட்டங்களுக்குப் பெயர்பெற்ற மாநிலம். சாப்பாட்டு அறைக்கென, அருகிலுள்ள மரத் தோட்டம் ஒன்றிலிருந்து ஃபிர் என்னும் ஊசியிலை மரம் ஒன்று வெட்டிக் கொண்டுவரப்பட்டது. கிளைகள் அடுக்கடுக்காக, இடைவெளி விட்டு நிற்கும் மரத்தையே மகள் தேர்ந்தெடுத்தார். முதல் அமைப்பில் பட்ட பாடம் அது. தண்டு நீரில் நின்றால்தான் இலை காயாது. ஆகவே நாள்தோறும் தொட்டியில் நீர் ஊற்றும் பொறுப்பை அம்மையார் ஏற்றார்.

விளக்குகளைப் பொறுத்தவரை பெட்டியில் மூன்று வகை இருந்தன. மிகப் பழையவை எட்டுப் பல்புகள் ஒன்றன்பின் ஒன்றாக இணைந்த சரங்கள். ஒன்று அணைந்தால் எல்லாம் அணையும் வகை. அவற்றின் துணியுறைக் கம்பிகள் பொடிந்துகொண்டிருந்ததால் பிளக்கில் செருகவே இல்லை. இரண்டாவது, மரத்தில் மாட்டும் பெரிய கூம்பு வடிவப் பல்புகளின் சரம். அந்தப் பல்பு ஒவ்வொன்றும் ஐந்து வாட். இருபத்தைந்து எரிந்தால் 125 வாட் வெப்பம் காய்ந்த இலைகளுக்கு நடுவே இருக்கும். மூன்றாவது குமிழி விளக்குகள். 1946இல் நோமா நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த இவற்றில், மெழுகுவர்த்தி வடிவக் கண்ணாடிக் குழாய்க்குள் மெத்திலீன் குளோரைடு என்ற திரவம் இருக்கும். அது சுமார் 40 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கக்கூடியது என்பதால், கீழே இருக்கும் சிறு பல்பின் சூடு பட்டதும் குமிழிகள் மேலேறிக்கொண்டே இருக்கும். நச்சுத்தன்மை உள்ள திரவம் ஆகையால் விரிசல் கண்ட குழாய்கள் தனியே பாதுகாப்பாக அப்புறப்படுத்தப்பட்டன. நல்லவை எரிக்கப்படாமல் அலமாரியில் காட்சிக்கு நின்றன.

மரத்தில் எரிந்தவை பழைய கூம்பு வடிவத்திலேயே இப்போது கிடைக்கும், நிறம் தோய்த்த கண்ணாடி எல்.இ.டி. பல்புகள், உள்ளே இருக்கும் ஒளி 2700 கெல்வின் அளவிலான மஞ்சள் வெண்மை. எண்ணிக்கையைக் குறைத்து ஒவ்வொன்றையும் தள்ளித் தள்ளி வைத்தோம். பல்புக்குப் பின்னால் மாட்டும் விண்மீன் வடிவத் தகரத் தட்டுகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. அவை ஒளியைத் திரட்டி முன்னே தள்ளின. இப்போது ஒவ்வொரு குண்டிலும் நாலைந்து பெரிய வண்ணப் பொட்டுகளே விழுந்தன. சிவப்பு சிவப்பாகவே இருந்தது. உட்குழிந்து பல முகங்களாக மடிந்த ஜெர்மானியத் தொங்கல்கள் எதற்காக அப்படிச் செய்யப்பட்டன என்பது அப்போதுதான் விளங்கியது: அருகிலுள்ள ஒரே ஒரு விளக்கைப் பிடித்து, அந்தக் குழிவின் மடிப்புகளில் பலவாக்கிக் காட்டவே.

தொங்கவிடும் முறையில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. பூணைப் பிடித்துத் தூக்கக் கூடாது. உள்ளே விரிந்து நிற்கும் கம்பிக்கால்கள் தளர்ந்திருந்தால் பூண் கையிலும் குண்டு தரையிலும் இருக்கும். குண்டை அடியில் தாங்கியபடி கொக்கியைக் கிளையில் மாட்டி, கொக்கியின் மேல்வளைவைக் கிளையோடு நெருக்கி அழுத்திவிட வேண்டும். கனமானவை தண்டை ஒட்டி உள்ளே, எடை குறைந்தவை நுனியில். போர்க்காலத்து வெறுங்கண்ணாடிக் குண்டுகளுக்கு மட்டும் வேறு விதி வகுத்தோம். ரசம் இல்லாததால் அவை ஒளியைத் திருப்பாமல் ஊடுருவ விடுகின்றன. ஆகவே விளக்குக்கு எதிரே வைக்காமல், விளக்குக்கு முன்னால், பார்ப்பவருக்கும் பல்புக்கும் இடையில் தொங்கவிட்டோம். வெளிறிய வளையங்கள் உள்ளிருந்து எரிவது போல நின்றன. ஒதுக்கி வைத்திருந்த மகள்தான் அவற்றைக் கண்மட்டத்தில் வைக்க வேண்டும் என்றார்.

பேரக்குழந்தைகள் வருவார்கள் என்பதால் மரத்தின் கீழ்ப்பகுதியில் கண்ணாடி எதுவும் இல்லை. அங்கே ஃபெல்ட் துணிப் பொம்மைகள், மரத்தாலான சிறு குதிரைகள், பிளாஸ்டிக் மணிகள் மட்டும் தொங்கின. ஷைனி பிரைட் பெயரில் 2000களின் தொடக்கத்திலிருந்து மீண்டும் வரும் புதிய குண்டுகள் சிலவற்றையும் மகள் வாங்கியிருந்தார். எக்கார்டின் நிறுவனம் 1960களின் தொடக்கத்திலேயே மூடப்பட்டுவிட்டது; இவை பழைய வடிவங்களைத் தழுவிய மறுபதிப்புகள். பழையவற்றோடு இவற்றைக் கலப்பதில் எனக்குத் தடையில்லை. நடமாட்டம் மிகுந்த பக்கத்தில் மறுபதிப்பும் சுவரை ஒட்டிய பாதுகாப்பான பக்கத்தில் அசலும் தொங்குவது நல்ல ஏற்பாடு. எது அசல் என்பதை மட்டும் வீட்டார் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் அடுத்த தலைமுறைக்கு அது தெரியாது.

மரத்தில் ஏறாதவை

பெட்டியின் அடியில் கனமான வெள்ளி ஜிகினா இழைகள் அட்டையில் சுற்றப்பட்டு இருந்தன. கனமே அடையாளம், அது ஈயம். குழந்தைகளுக்கு ஈய நச்சு ஏற்படும் என்ற கவலையால் 1972 முதல் அமெரிக்காவில் ஈய ஜிகினாவின் தயாரிப்பும் இறக்குமதியும் கைவிடப்பட்டன. தம் இளமையில் ஒவ்வொரு இழையாகக் கிளையில் தொங்கவிட்டதை அம்மையார் விவரித்தார். ஈயத்தின் எடையால் இழைகள் பனிக்கூர்போல நேராகத் தொங்குமாம். இக்காலப் பிளாஸ்டிக் இழை எடையற்றது. ஆடையில் ஒட்டும், காற்றில் பறக்கும், நேராக நிற்காது. ஈடாக எதுவும் வேண்டாம், இழையே இல்லாமல் இருக்கட்டும் என்று அவர் சொன்னது சரியான முடிவு. அட்டை அப்படியே மூடிய உறைக்குள் போய், நகராட்சியின் அபாயக் கழிவு சேகரிப்புக்குக் கொடுக்கப்பட்டது.

பழைய செயற்கைப் பனிப்பொடி குறித்தும் ஒரு சொல். 1930களிலும் 40களிலும் தீப்பிடிக்காத பனி என்று விற்ற பொடிகளில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருந்தது. இந்த வீட்டில் பனிப்பெட்டி எதுவும் இல்லை. ஆனால் ஜப்பானிலிருந்து போருக்கு முன் இறக்குமதியான அட்டை வீடுகள் சில இருந்தன. அவற்றின் கூரையில் வெண்துகள் ஒட்டியிருந்தது. பெரும்பாலும் அது அபிரகப் பொடியாகவே இருக்கும்; எனினும் தூசு தட்டவோ சுரண்டவோ யாரையும் விடாமல் கண்ணாடிக் கதவுள்ள அலமாரிக்குள் வைத்து, பின்புறச் சன்னல்களில் சிறு எல்.இ.டி. விளக்குகளை மட்டும் நுழைத்தோம். செல்லோபேன் சன்னல்கள் வழியே ஒளி கசிந்தபோது அது ஒரு சிற்றூராகிவிட்டது. அதன் நடுவில் அம்மையார் இயேசு பிறப்புக் குடிலை வைத்தார்.

மற்ற அறைகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பழைய ரேடியோப் பெட்டியின் மேல், அம்மையார் 1970களில் பீங்கான் வகுப்பில் தாமே வார்த்து மெருகிட்ட பச்சைப் பீங்கான் மரம் நின்றது. உள்ளே ஒரு பல்பு, வெளியே வண்ணப் பிளாஸ்டிக் முளைகள். முற்றத்தில் ஊதுவார்ப்புப் பிளாஸ்டிக் கிறிஸ்துமஸ் தாத்தா, காற்றில் சாயாதபடி வயிற்றுக்குள் மணல்மூட்டையோடு நின்றார்.

மதிப்பீடும் பொதிதலும்

முதல் அமைப்போடு ஒப்பிட்டால், இரண்டாவது அமைப்பில் வெளியே வந்த பொருள்கள் குறைவு. பாதிக்குக் கிட்டத்தட்ட பெட்டியிலேயே தங்கின. ஆனாலும் வந்தவர்கள் பொருள்களைப் பெயர் சொல்லிக் கேட்டார்கள். முன்பு மரம் அழகு என்று மட்டும் சொன்னவர்கள், இப்போது அட்டைப் பூண் ஏன் என்று கேட்டு நின்றார்கள். அலங்காரம் வெற்றி பெற்றதா என்பதற்கு இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. குறையும் உண்டு. தெற்கு நோக்கிய பெரிய சன்னலில் பகல் வெயில் நேரடியாக விழுந்ததால், நீலக் குண்டுகள் நிறம் மங்கக்கூடும் என்ற கவலை எழுந்தது. பகலில் திரையை இழுத்துவிட்டு மாலையில் மட்டும் திறக்க ஏற்பாடு செய்தார்கள்.

ஜனவரியில் பொதிந்தபோது எந்தக் குண்டையும் நீர் தொட்டுத் துடைக்கவில்லை. பழைய வண்ணம் நீரில் கரைந்து கையோடு வந்துவிடும். வாய் வழியாக ஈரம் உள்ளே போனால் ரசமும் கழன்றுவிடும். மென்மையான மேக்கப் பிரஷால் தூசியைத் தள்ளியதோடு சரி. நாளிதழ்த் தாளின் மை கண்ணாடியில் படியும் என்பதால் அமிலம் இல்லாத மெல்லிய தாளில் சுற்றினோம். அசல் பெட்டிகளில் அடுக்கி, ஒவ்வொரு பெட்டியின் மேலும் உள்ளே இருப்பவற்றின் காலத்தையும் எந்த மரத்துக்கு, எந்த விளக்கோடு என்பதையும் அம்மையார் சொல்ல மகள் எழுதினார். பரணுக்கு எதுவும் போகவில்லை. அலுமினியக் கிளைகளில் மூன்றுக்கு உறை கிழிந்திருந்தது. அவற்றுக்குத் தடித்த தாளில் புதிய உறை சுருட்டி ஒட்டுவது மட்டும் அடுத்த நவம்பருக்குள் முடிக்க வேண்டிய வேலையாக மீதியிருக்கிறது.